அண்ணாச்சி, வண்டி உதறுது!

குற்றால சீசன் வந்துவிட்டால் ராஜபாளையம் – தென்காசி சாலையில் மெக்கானிக் கடைகளுக்கு ஓய்வில்லை. எங்கிருந்து உதறுகிறது என்று வண்டி ஓட்டுகிறவரே கண்டுபிடிக்க முடியும். அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம்.

சேத்தூர், தேவதானம், சிவகிரி என்று எந்த ஊரில் இறங்கினாலும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு மெக்கானிக் கடை இருக்கும். வாசலில் எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, சுவரில் தொங்கும் பழைய டியூப்கள், பாதி பிரித்த ஒரு ஸ்ப்ளெண்டர். வந்து நிற்கிறவர் வண்டியை ஆஃப் செய்யாமலேயே ஆரம்பிப்பார்: "அண்ணாச்சி, வண்டி ஒரு மாதிரியா உதறுது."

அனுபவமுள்ள மெக்கானிக் உடனே ஸ்பேனரைத் தேட மாட்டார். "எப்போ உதறுது?" என்பார்.

"ஓட்டும்போதுதான்" என்று பதில் வந்தால் அன்றைய பொழுது போயிற்று. அவரே வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்வர வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் வராத உதறல் இருபதாவது கிலோமீட்டரில் வருவதாக இருந்தால் அந்த ரவுண்டிலும் பலன் இல்லை. கடைசியில் குத்துமதிப்பாக ஏதாவது ஒரு பாகம் மாற்றப்படும். உதறல் அப்படியே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும். இதில் மெக்கானிக்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை. வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வாய் திறக்காத நோயாளியை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தப் பக்கத்தில் பைக் என்பது பொழுதுபோக்கு இல்லை. ராஜபாளையத்துப் பஞ்சாலைகளுக்கு ஷிப்ட் மாறப் போகிறவர்கள், தளவாய்புரத்தில் தைத்த நைட்டி மூட்டையைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணிக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், மலையடிவாரத் தோப்பிலிருந்து சப்பட்டை மாங்காயைச் சாக்கில் கட்டி இறக்குகிறவர்கள் எல்லாருக்கும் இரண்டு சக்கரம்தான். சாலையோ திருமங்கலத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744. கேரளாவுக்குப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதியும், ஆடிக் காற்று வாரி இறைக்கும் மணலும் வண்டிக்குள் நுழையாத இடமில்லை. சாஸ்தா கோயில் பக்கம் போகிறவர்கள் ஓடைத் தண்ணீரிலும் வண்டியை இறக்கி ஏற்றுவார்கள். மணல், தண்ணீர், சுமை இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் அடி வாங்குவது செயின்தான். செயினைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

எதன் பின்னால் போகிறது?

எல்லா அதிர்வும் கோளாறு இல்லை. நம் ஊரில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர். ஒரே ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது அதைச் சமன் செய்ய எதிரில் இன்னொன்று கிடையாது. கிராங்க்கில் எதிர் எடை வைத்து ஓரளவு அடக்கலாம், முழுக்க அடக்க முடியாது. அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் தனக்கென்று ஒரு நடுக்கம் உண்டு. சென்னைத் திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டின் புல்லட்டை ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி ஒன்றா இரண்டா என்று தெரியாது. அதே கம்பெனி 2020-ல் மீட்டியர் 350-ஐக் கொண்டுவந்தபோது இன்ஜினுக்குள் பேலன்சர் ஷாஃப்ட் ஒன்றை வைத்தது. பழைய நடுக்கம் பெரும்பகுதி அடங்கியது. அது அடங்கியதில் வருத்தப்பட்ட புல்லட் பக்தர்களும் இருக்கிறார்கள்.

ஆக, கவனிக்க வேண்டியது நேற்று இல்லாமல் இன்று வந்த அதிர்வை. அது வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த உதறல் எதன் பின்னால் போகிறது? இன்ஜின் வேகத்தையா, சக்கரத்தின் வேகத்தையா, ஆக்ஸிலேட்டரைத் திருகுவதையா?

கண்டுபிடிக்கும் வழி எளிது. முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, மெல்ல ரேஸ் கொடுத்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே அதே உதறல் வந்தால் சக்கரத்தின் மீதும் செயின் மீதும் சந்தேகப்பட வேண்டாம். அது இன்ஜின், அல்லது இன்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள்.

நிற்கும்போது வரவில்லை என்றால், ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், உதறல் வரும் வேகத்துக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு க்ளட்சைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மூடி உருளவிடுங்கள். உதறல் அப்படியே தொடர்ந்து, வண்டி மெதுவாக ஆக ஆகக் குறைந்தால், சக்கரம், டயர், பேரிங் பக்கம் போக வேண்டும். க்ளட்சைப் பிடித்த நொடியில் நின்றுபோனால் அது இன்ஜின் இழுக்கும்போது மட்டும் வருகிற கோளாறு. செயின், ஸ்பிராக்கெட், பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் ஆகியவை வரிசையாகச் சந்தேகப் பட்டியலில் வரும். எக்ஸ்எல் ஓட்டுகிறவர்களுக்கு க்ளட்ச் லிவர் கிடையாது. ஆக்ஸிலேட்டரை மூடி உருளவிட்டுக் கவனிப்பது ஒன்றுதான் வழி. துல்லியம் குறைவு, ஆனாலும் உதவும்.

நொடிக்கு எத்தனை?

இன்னொரு வழி கணக்கு. பயப்பட வேண்டாம், சந்தைக் கணக்குதான்.

முன்னால் 14 பல், பின்னால் 42 பல், 108 கண்ணி உள்ள செயின் என்று ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 18 அங்குலச் சக்கரம், டயரோடு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் ஓடும். இந்த வண்டி மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது சக்கரம் நொடிக்கு ஆறு முறை சுற்றுகிறது. செயின் ஒரு முழுச் சுற்று வர 108 பல்லைக் கடக்க வேண்டும். பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கும் சற்று அதிகமாகச் சுற்றினால்தான் செயின் ஒரு சுற்று முடிக்கும். அதாவது நொடிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். இன்ஜினோ அதே நேரத்தில் நொடிக்கு ஐம்பது அறுபது முறை சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த மூன்றையும் உடம்பு வேறுவேறாக உணரும். நொடிக்கு ஐம்பது என்பது எண்ண முடியாத ரீங்காரம். கைப்பிடியில் விறுவிறுப்பாக, ஃபுட்ரெஸ்ட்டில் மரத்துப்போகும் உணர்வாக வரும். நொடிக்கு ஆறு என்பது படபடவென்ற அடி, சீட்டில் தெரியும். நொடிக்கு இரண்டு என்பதை விரல் விட்டு எண்ணலாம். "வெட்டி வெட்டிப் போகுது" என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அது பெரும்பாலும் இந்த வகை.

இன்னும் மெதுவாக, நடக்கிற வேகத்தில் வண்டியை விட்டால் கணக்கு ஓடும் தூரத்திலேயே தெரிந்துவிடும். ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு ஒருமுறை ஒரு துள்ளல் வந்தால் டயர் அல்லது ரிம். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை ஒரு இழுப்பு வந்தால் செயினில் எங்கோ ஓரிடம் இறுகிக் கிடக்கிறது. உங்கள் வண்டியின் பல் எண்ணிக்கை கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் சக்கரச் சுற்றைப் போல இரண்டரை மடங்கு தூரம் என்ற வித்தியாசம் பெரிதாக மாறாது.

இன்ஜின் பக்கம், சக்கரத்தின் பக்கம்

இன்ஜின் வேகத்தோடு போகும் புது நடுக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது பவுண்டேஷன் போல்ட். இன்ஜினைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் இந்த நீளமான போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்தால் போதும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் டேங்க் முதல் கண்ணாடி வரை எல்லாம் பேச ஆரம்பிக்கும். சைலன்சரைப் பிடித்திருக்கும் போல்ட், ஹேண்டில்பார் முனையில் இருக்கும் எடைக் கட்டி, கிராஷ் கார்டு இவையும் இதே வேலையைச் செய்யும். ஆசைக்குப் பொருத்திய கிராஷ் கார்டு தளர்ந்து கிடக்க, இன்ஜினைப் பிரித்துப் பார்த்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஓடும்போது அந்தந்தப் பாகத்தைக் கையால் தொடக் கூடாது. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ரேஸ் கொடுத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். சைலன்சரைத் தவிர.

சக்கரத்தின் பக்கம் என்றால் காற்றிலிருந்து தொடங்குங்கள். தனியாகப் போக ஓர் அளவு, இருவர் போக ஓர் அளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதைப் படிப்பவர் குறைவு. பஞ்சர் ஒட்டிய மறுநாள் உதறல் வந்தால், டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி, சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு இருக்கும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே மறைந்தும் இன்னோர் இடத்தில் வெளியே துருத்தியும் இருந்தால் உதறலுக்குக் காரணம் அதுதான். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றினால் உட்கார்ந்துவிடும்.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று பிளே தெரிந்தால் வீல் பேரிங் அல்லது ஸ்விங்ஆர்ம் புஷ். கம்பிச் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்று பேசும், தளர்ந்தது 'டொக்' என்று நிற்கும். ஹேண்டில் தானாக இடமும் வலமுமாக ஆடினால், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் 'டக்' என்று ஒரு அடி விழுந்தால், அது கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியின் பேரிங். இதைத் தள்ளிப் போடாதீர்கள். குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, கோன்செட் போன வண்டியில் புளியங்குடி வரை போகிறவர்களைப் பார்த்தால் பகீரென்கிறது.

மூடி மறைத்த செயின்

இப்போது செயினுக்கு வருவோம். உதறல் புகார்களில் இதன் பங்கு பெரிது. காரணம், கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தபோது அதன் விளம்பரம், பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்ற பொருளில் நாடெங்கும் ஒலித்தது. மைலேஜுக்காகச் சொன்னது. ஆனால் ஒரு தலைமுறையே அதை மொத்த வண்டிக்கும் எடுத்துக்கொண்டது. அந்த வகை வண்டிகளில் செயினை மேலும் கீழும் தகர உறை போட்டு முழுசாக மூடியிருப்பார்கள். புழுதிக்கும் மழைக்கும் அது நல்ல காப்பு, வேட்டிக்கும் சேலைக்கும் இன்னும் நல்ல காப்பு. அந்த உறைக்குள் செயின் துருப்பிடித்துச் சாகும்வரை யாருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். உறையின் அடிப்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றிச் செயினைத் தொட்டுப் பார்க்கத்தான் கம்பெனிக்காரர் வைத்தது. நிறைய வண்டிகளில் அந்த ரப்பர் தொலைந்துபோய், அந்த ஓட்டை வழியாகத்தான் மணல் உள்ளே போகிறது.

இன்று நாம் ஓட்டும் ரோலர் செயினுக்கு வயது நூற்றைம்பதை நெருங்குகிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் குடியேறிய ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். தமிழ்நாட்டுக்கும் செயினுக்கும் நெருக்கமான சம்பந்தம் உண்டு. 1937-ல் போக்குவரத்துத் தொழிலில் தொடங்கிய கோயம்புத்தூர் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ்தான் பின்னால் 'ரோலான்' செயினாக நாடு முழுதும் போனது. முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் 'டைமண்ட்' செயினைச் செய்கிறது. சேத்தூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் இந்த இரண்டு பெயரும் முதலில் வரும்.

பெட்டியில் 428 என்று போட்டிருக்கும். முதல் எண் 4 என்பது எட்டில் நான்கு பங்கு, அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், 12.7 மில்லி மீட்டர். பெரிய வண்டிகளின் 520-ல் அது எட்டில் ஐந்து பங்கு. கடைசி இரண்டு எண்கள் அகலத்தைக் குறிக்கும்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். இரும்புத் தகடு இழுபட்டு நீள்வது இல்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்கு மேல் உருளும் ரோலர். எண்ணெய் வற்றி மணல் புகுந்தால் பின்னும் புஷ்ஷும் உரசித் தேயும். ஒரு கண்ணியில் 0.1 மில்லி மீட்டர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. 108 கண்ணியிலும் அதே தேய்மானம் என்றால் ஒரு சென்டி மீட்டருக்கு மேல் நீளம் கூடிவிடும். எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி தேய்வதும் இல்லை. எண்ணெய் போகாத இடம் துருப்பிடித்து மடங்க மறுக்கும். அந்த இடம் முன் ஸ்பிராக்கெட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு இழுப்பு. ஐந்து மீட்டருக்கு ஒருமுறை என்று சொன்னது இதைத்தான்.

விரலளவு தளர்வு

செயினை இறுக்கமாக வைத்தால் நல்லது என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றிக் கிடக்கிறது. தளர்ந்த செயின் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இறுகிய செயின் சத்தமில்லாமல் இன்ஜினைத் தின்னும். ஆகையால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் தளர்ச்சியின் பக்கம்தான்.

காரணம் வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. பின்சக்கரம் ஸ்விங்ஆர்மின் முனையில் மேலும் கீழும் போகிறது. அந்த ஆர்ம் ஆடும் அச்சும், செயினை இழுக்கும் முன் ஸ்பிராக்கெட்டின் மையமும் ஒரே இடத்தில் இல்லை. ஆள் ஏறி உட்கார்ந்து பின்பக்கம் அமுங்கும்போது, முன் ஸ்பிராக்கெட், ஆர்மின் அச்சு, பின்சக்கர மையம் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வருகிற நிலையில் செயின் மிக அதிகமாக இழுபடும். ஸ்டாண்டில் நிற்கும்போது விண்ணென்று இறுக்கி வைத்த செயின், இரண்டு பேரும் ஒரு மாங்காய் மூட்டையும் ஏறியதும் போக இடமில்லாமல் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்கை இழுக்கும். அந்தப் பேரிங் போனால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். செயின் மாற்றுவது சில நூறு, ஆயிரம் ரூபாய் சமாசாரம், இது வேறு கணக்கு.

பெரும்பாலான 100, 125 சி.சி. வண்டிகளுக்கு அளவு 20 முதல் 30 மில்லி மீட்டர். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருப்பதே முடிவானது, மெயின் ஸ்டாண்டிலா சைடு ஸ்டாண்டிலா என்பதும் அதிலேயே இருக்கும். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலே தூக்கி, கீழே இழுத்து, மொத்தம் எவ்வளவு போய்வருகிறது என்று பாருங்கள். ஓரிடத்தில் பார்த்தால் போதாது. சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நான்கைந்து இடத்தில் பார்த்து, எங்கே மிகவும் இறுக்கமோ அங்கே சரியான அளவு இருக்கும்படி வைக்க வேண்டும். தளர்ந்த இடத்தை வைத்துச் சரிசெய்தால் இறுகிய இடம் வரும்போது மேலே சொன்ன வில்லங்கம்தான். ஓரிடம் 20, இன்னோரிடம் 45 என்று காட்டினால் சரிசெய்யவே வேண்டாம். அந்தச் செயினின் ஆயுள் முடிந்தது.

அட்ஜஸ்ட் செய்வது பெரிய வித்தை இல்லை. பின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் இருக்கும் அட்ஜஸ்டர் நட்டுகளைச் சமமாகத் திருப்ப வேண்டும். ஸ்விங்ஆர்மில் இரு பக்கமும் கோடுகள் போட்டிருப்பார்கள். இடப்பக்கம் மூன்றாவது கோடு என்றால் வலப்பக்கமும் மூன்றாவது கோடு. ஒரு கோடு பிசகினால் சக்கரம் கோணலாக நிற்கும், செயின் ஸ்பிராக்கெட்டின் ஒரு ஓரத்தை மட்டும் அரைக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், அதுவும் ஒரு உதறலாகக் கடைக்கு வரும். டிரம் பிரேக் வண்டியில் சக்கரத்தைப் பின்னால் தள்ளியதும் பின்பிரேக் பிடிப்பு மாறிவிடும். பெடலை மிதித்துப் பார்த்து ராடைச் சரிசெய்யாமல் வண்டியை எடுத்தால் முதல் வேகத்தடையிலேயே தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் சிக்கனம்

இன்ஜின் ஆயில் மாற்றும்போது வடித்த கறுப்பு எண்ணெயை ஒரு டப்பாவில் பிடித்து, அதைச் செயினுக்கு ஊற்றுவது நம் ஊர் வழக்கம். ஓசியில் கிடைக்கிறதே என்றுதான். அந்த எண்ணெயில் இன்ஜினுக்குள் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த கரியும் கலந்திருக்கிறது. தேய்மானத்தைத் தடுக்க ஊற்றுவது தேய்மானத்தைக் கூட்டுகிறது. கட்டிக் கிரீஸை அள்ளி அப்புவதும் இதே ரகம். பின்னுக்குள் போகாது, வெளியே நின்று புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலை 744-ன் புழுதியில் இரண்டே வாரத்தில் அது மணல் தாளாகிவிடும்.

90 எண் கியர் ஆயில் போதும். நிறைய கம்பெனிகளின் புத்தகங்களும் அதைத்தான் சொல்கின்றன. ஸ்பிரேயும் நல்லதே, விலை கூடுதல். முதலில் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு அழுக்கை எடுத்து, துணியால் துடைத்து, காயவிட வேண்டும். ஓ-ரிங் வைத்த செயினுக்குப் பெட்ரோல் ஆகாது, ரப்பர் வளையம் கெட்டு உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். எண்ணெயை வெளித் தகட்டில் பூசிப் பயனில்லை. கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில், தகடுகள் சேரும் இடுக்கில், சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சக்கரம் சுற்றும்போது அது தானாக வெளிநோக்கிப் பரவும். ராத்திரி வேலை முடித்து வந்ததும், செயின் சூடாக இருக்கும்போது விட்டுவிட்டு, காலையில் வழிந்ததைத் துடைத்துவிட்டுக் கிளம்பினால் எண்ணெய் உள்ளே இறங்க நேரம் கிடைக்கும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தாலோ ஓடையில் இறங்கினாலோ அன்றைக்கே.

ஒரு எச்சரிக்கை. ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணியைப் பிடித்துச் செயினைத் துடைப்பார்கள். சீக்கிரம் முடிகிற வேலைதான், துணி சிக்கினால் விரலும் சேர்ந்து ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும். இன்ஜின் ஆஃப், கியர் நியூட்ரல், சக்கரத்தைக் கையால் சுற்றுவது. இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. சக்கரத்தில் துணி சிக்கும் ஆபத்து சாலையில் ஓடும்போதும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 123-ஆம் விதி, பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. 'லுக்' வேண்டும் என்று அந்தத் தடுப்பைக் கழற்றி வீசும் பையன்கள், பின்னால் அம்மா சேலையோடு ஒருச்சாய்ந்து உட்காருவதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றும் நேரம்

பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில், செயின் வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு கண்ணியைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பல்லின் பாதி உயரம் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது. அளந்துதான் நம்புவேன் என்பவர்கள் செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணியை அளக்கலாம். புதிய 428-ல் 254 மில்லி மீட்டர். இரண்டு சதவீதம் கூடினால் 259. அதுவரை காத்திருக்காமல் மாற்றுவது உத்தமம். ஸ்பிராக்கெட்டின் பல் ஒரு பக்கம் சாய்ந்து கூராகியிருந்தால் அளக்கவும் தேவையில்லை.

மாற்றும்போது செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றச் சொல்வார்கள். இது கடைக்காரரின் வியாபாரத் தந்திரம் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. உண்மையிலேயே அப்படித்தான் செய்ய வேண்டும். தேய்ந்த பல் பழைய செயினின் நீண்ட கண்ணிக்கு ஏற்ப உருமாறியிருக்கும். புதுச் செயினை அதில் மாட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதையும் தன்னைப்போல் ஆக்கிவிடும். பின் ஹப்பைத் திறந்த கையோடு உள்ளே இருக்கும் கப்ளிங் ரப்பரையும் பார்த்துவிடுங்கள். ஆக்ஸிலேட்டரைத் திறந்தாலும் மூடினாலும் 'டக்' என்று ஒரு அடி விழும் வண்டிகளில், செயினை எத்தனை முறை சரிசெய்தாலும் தீராததற்கு நசுங்கிப்போன அந்த ரப்பர்தான் காரணமாக இருக்கும்.

இன்னொரு ஆசையும் உண்டு. இழுவைக்காக முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் போடுவது. செயின் பல்லில் வட்டமாகச் சுற்றுவதில்லை, பலகோணமாக மடங்கிச் சுற்றுகிறது. அதனால் ஸ்பிராக்கெட் ஒரே வேகத்தில் சுற்றினாலும் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்கும். 14 பல்லில் அந்த ஏற்ற இறக்கம் இரண்டரை சதவீதம், 13 பல்லில் ஏறக்குறைய மூன்று. பின்னால் 42 பல்லில் அது கால் சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சிறிய பல்சக்கரம் எப்போதும் கொஞ்சம் முரட்டுத்தனமாக ஓடும், செயினும் சீக்கிரம் தேயும். மலைத்தோப்புப் பாதையில் சுமை ஏற்றுகிறவருக்கு அந்த ஒரு பல் பிரயோஜனம். நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்குத் தண்டம்.

செயின் லாக் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கச் செயினில் பார்த்தால் மூடிய முனை வண்டியின் முன்பக்கம் இருக்கும். திருப்பி மாட்டினால் ஒரு கல்லோ குச்சியோ பட்டுக் கிளிப் கழன்று, அறுந்த செயின் முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு இன்ஜின் கேஸையே உடைக்கும். கடையில் மாட்டி முடித்ததும் உறையை மூடுவதற்கு முன்னால் "கிளிப்பைக் காட்டுங்க அண்ணாச்சி" என்று கேட்டுப் பார்த்துவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கண்ணிகள் படிந்து சற்றுத் தளரும், அது இயல்பு. சீசனுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் புது செட் போட்டவர்கள், குற்றாலம் போய்த் திரும்பி வந்ததும் மறுபடி ஒருமுறை தளர்ச்சியை அளந்து, ஆக்ஸில் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.